ஆறப் பொறுத்தல்

காற்று பலமானால் புன்தா அரேனாஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
என் கன்னங்களுக்குக் கட்ட
யாரிடமும் கயிறு இல்லை.

முப்பத்தோரு வயதில் பரு வந்தால்
ஊரே வைத்தியம் பார்க்கும்.
படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவள் நான்.
நீரிணையைத் தாண்டப் போகும் லாரிக்காரர்கள்
கண்ணாடியை இறக்கி
சில்லறையோடு ஒரு யோசனையும் தருவார்கள்.
எலுமிச்சை என்றார் எர்விட்டோ,
கம்பளி மூட்டை ஏற்றிப் போகிறவர்.
பற்பசை என்றார் பின்னாலிருந்தவர்.
பக்கத்துக் கூண்டில் இருக்கும் நெவென்கா
பூண்டை நசுக்கி, காகிதத்தில் மடித்து,
காதல் கடிதம்போல் நீட்டினாள்.

எல்லாவற்றையும் செய்தேன்.
தப்பே அதுதான், எல்லாவற்றையும் செய்தேன்.
காலையில் ஒரு களிம்பு, மாலையில் ஒரு அமிலம்,
இரவில் அக்ரூட் ஓட்டுப் பொடி,
அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன்.
பளபளவென்று வந்தது.
பளபளத்தது தோல் இல்லை,
தோலுக்கு அடியில் இருந்தது.

அதன்பிறகு தண்ணீர் பட்டாலும் எரிச்சல்.
கண்ணீர் உப்பு, கேட்கவே வேண்டாம்.
அழுவதென்றால் மல்லாந்து படுத்துக்கொள்வேன்,
காதுப்பக்கமாக வழிந்து போகட்டும் என்று.

மாதத்துக்கு இரண்டு நாள்
சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் வரும்
தோல் மருத்துவர் இபார்ரா, என்னைவிடச் சின்னவள்.
பையைக் கவிழ்க்கச் சொன்னாள்.
பதினோரு புட்டிகள்.
மேசையில் வரிசையாக நிறுத்தி
ஒவ்வொன்றாகப் பார்த்தாள்,
சுங்க அதிகாரி பார்ப்பதுபோல.
பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டு
முடிச்சுப் போட்டாள்.

'வெதுவெதுப்பான தண்ணீர். வாசலின்.
வெளியே போனால் வெயிலுக்கு ஒன்று.
ஆறு வாரம். முதலில் தோல் ஆறட்டும்.'
'பரு?'
'இருக்கட்டும்.'

இருக்கட்டும்.
என் முகத்தைப் பார்த்து
நான் ஒருநாளும் சொல்லாத சொல்.

முதல் வாரம் கைகளோடு சண்டை.
நான் பேசிக்கொண்டிருக்கும்போதே
தாடைக்குப் போய்விடும், திருட்டுப் பூனைகள்.
கம்பளிக் கையுறை போட்டுச் சீட்டுக் கிழித்தேன்,
இரண்டிரண்டாகக் கிழிந்தன.
இரண்டாம் வாரம்
புருவங்களுக்கு நடுவில் புதிதாக ஒன்று,
பார்சலில் குத்திய முத்திரை மாதிரி.
கைவைக்கவில்லை.
இல்லை, ஒருமுறை வைத்தேன்.
மூன்றாம் வாரம் எழுதும்படி எதுவும் நடக்கவில்லை.

அக்டோபர்.
வெயில் எச்சரிக்கை விளக்கு
சிவப்பைத் தாண்டி ஊதாவில் நின்றது.
இந்த ஊருக்கு மேலே
வானத்துக்கும் தோல் மெலிவு.
காத்திருப்பு அறை வானொலியில் ஒருவர் சொன்னார்:
கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறதாம்.
மருந்தென்று யாரும் எதுவும் பூசவில்லை,
அனுப்பிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள்,
அவ்வளவுதான்.
நான் தொப்பியைக் கழற்றாமலேயே
அண்ணாந்து பார்த்தேன்.
வாசலின் பூசிய முகத்தில்
இரண்டு கொசுக்கள் ஒட்டியிருந்தன.

ஆறாம் வாரக் கடைசியில்
தாடையில் இன்னும் மூன்று இருந்தன.
ஆனால் காலையில் முகம் கழுவியபோது
தண்ணீர் தண்ணீராக மட்டும் இருந்தது.
குழாயை மூட மறந்து நின்றேன்.

அன்றைக்கு எர்விட்டோ வந்தார்.
கண்ணாடியை முழுசாக இறக்கினார்,
காற்று அவர் தாள்களைப் பறக்கவிட்டது.
என்னை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு
'எலுமிச்சைதானே?' என்றார்,
பிள்ளை பரீட்சையில் தேறியது போன்ற முகத்தோடு.

பின்னால் ஒன்பது லாரிகள்.
முகம் கொடுத்து, நேராக அவரைப் பார்த்து
'ஆமாம்' என்றேன்.
ஒரே ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.